திருத்தம் மேடமும் குக்கர் தீர்ப்பும்

நீதிமன்ற வளாகத்துக்குள் போய், "திருத்தம் மேடம் எங்கே இருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாசல் காவலர் முதல் கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் வரை அத்தனை பேரும் நூலகம் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார்கள். "ஜாக்கிரதைங்க, நீங்க பேசறதையும் திருத்திடுவாங்க" என்று எச்சரித்து அனுப்புகிறவர்களும் உண்டு. பொய்யில்லை. சட்டம் படித்து முடித்த கையோடு ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தவள் அவள். சேர்ந்த சில நாட்களிலேயே, சீனியர் மும்முரமாக வாதாடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து எழுந்து, "அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லலை சார்" என்று சொல்லிவிட்டாள். நீதிபதி சிரித்தார். சீனியர் சிரிக்கவில்லை. சாயங்காலமே, "அம்மா தாயே, நீ எழுதப் போ. பேச்சு உனக்கு ஆகாது" என்று கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்.

போனாள், எழுதினாள், இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு சட்ட மாத இதழில் அவளுக்கென்று நாலு பக்கம். அந்த மாதம் வந்த தீர்ப்புகளில் எது சரி, எது சறுக்கல், புதிதாக வந்த சட்டத் திருத்தம் யாரைக் காப்பாற்றும், யாரைக் கவிழ்க்கும் என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். உடைந்த நாற்காலி, வெடித்த பேட்டரி, ஒருவன் கண்டுபிடித்ததை இன்னொருவன் சுட்டுவிட்ட வழக்கு என்றால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். வீட்டில் எல்லோரும் தூங்கி வழிந்தாலும் விடமாட்டாள், உட்காரவைத்துச் சொல்வாள்.

தீர்ப்பு படிக்கிற முறையிலும் அவள் தனி ரகம். ஊரில் உள்ள வக்கீல்களெல்லாம் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவள் செத்தாலும் அதைச் செய்யமாட்டாள். முதல் பக்கம், முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்துக்கொண்டே போவாள். "யார் ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் படிக்கிறதுக்குப் பேர் படிப்பில்லை, ஜால்ரா" என்பாள். அவளுடைய புருஷன் வாசல் அறையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மிக்ஸி, மின்விசிறி, அடுப்பு, குக்கர் எல்லாம் பார்ப்பார். தெருவே அவரை மிக்ஸி டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவர் காதில் இந்தக் கொள்கை விழாத நாளே கிடையாது. "இவ துப்பறியும் கதை படிக்கிற மாதிரி தீர்ப்பு படிக்கிறா. கொலைகாரன் யாருன்னு சொன்னா கோவம் வந்துடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

வழக்கு வேறு யாருடையதும் இல்லை, அவளுடைய நாத்தனாருடையது. புருஷனின் தங்கை, பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்தவள். துணியைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்லுகிற கை அவளுக்கு. ஒருநாள் காலையில் குக்கரில் கிழங்கு வேகவைத்தாள். அடுப்பை அணைத்தாள், ஆறவிட்டாள், விசில் குண்டைத் தூக்கிப் பார்த்தாள், ஆவி வரவில்லை. மூடியைத் திருப்பினாள். உள்ளே அடைத்துக்கொண்டிருந்த ஆவி மூடியோடு சேர்ந்து கிளம்பி வலது கையைச் சுட்டெரித்தது. புண் ஆறியது. விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாத தையல்காரி என்ன செய்வாள்? கடையை மூடினாள்.

கை போனதுகூட ஒரு பக்கம். பார்க்க வந்த சனம் பேசிய பேச்சுதான் அவளைத் தின்றது. "தண்ணி கம்மியா வச்சிருப்பே", "அவசரப்பட்டுத் திறந்திருப்பே" என்று ஆளாளுக்கு ஒன்று. கீழ்க்கோர்ட்டும் அதையே நாகரிகமான வார்த்தையில் எழுதியது, "பயன்படுத்தியவரின் கவனக்குறைவு" என்று. அடுத்த கோர்ட்டும் அதற்கு ஆமாம் போட்டது. இரண்டு தடவையும் வக்கீல் ஃபோனில் "தள்ளுபடிம்மா" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

"எனக்கு வேற எதுவும் வேணாம் அண்ணி" என்று நாத்தனார் ஒருநாள் அழுதே விட்டாள். "என் மேல தப்பு இல்லைன்னு யாராவது ஒருத்தர், பெரிய மனுஷங்க, எழுத்துல எழுதணும். அவ்வளவுதான்."

உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்போது ஒரு வழி பிறந்தது. அந்தக் குக்கர் கம்பெனி, விபத்துக்கு முன்னாலேயே, புது மாதிரி மூடிப் பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தது. காப்புரிமை வேண்டுமென்றால், பழைய பூட்டில் என்ன குறை, புதிதில் என்ன நிறை என்று விளக்க வேண்டும். அவர்களும் விளக்கியிருந்தார்கள்: பழைய பூட்டில், உள்ளே ஆவி இருக்கும்போதே மூடி திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு என்று. எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய பூட்டுக் குக்கரைக் கூசாமல் விற்றுக்கொண்டும் இருந்தார்கள். அதில் ஒன்றைத்தான் நாத்தனார் வாங்கியிருந்தாள்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைப்பீர்கள். அங்கேதான் முடிச்சு. கண்டுபிடிப்பாளர்கள் பயமில்லாமல் உண்மையை எழுதட்டும் என்பதற்காக, காப்புரிமை விண்ணப்பத்தில் சொன்னதை நஷ்டஈட்டு வழக்கில் அவர்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று பழைய சட்டம் தடுத்து வைத்திருந்தது. பிறகு சீர்திருத்தம் வந்தது, தடை போனது. ஆனால் கை வெந்தது சீர்திருத்தத்துக்கு முன்னால். புதுச் சட்டம் பழைய விபத்துக்குச் செல்லுமா? மொத்த வழக்கும் இந்த ஒரே கேள்வியில் வந்து நின்றது.

செல்லாது என்று அச்சில் எழுதியிருந்தவர் யார் தெரியுமா? நம்முடைய திருத்தம் மேடம்தான்!

சீர்திருத்தம் வந்த மாதமே எழுதினாள். கம்பெனியின் விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. வழக்கம்போல அடித்துச் சொல்லியிருந்தாள். கடைசி விசாரணையில் கம்பெனி வக்கீல் எழுந்து, "சட்ட உலகம் மதிக்கும் விமர்சகர் ஒருவர் இப்படி எழுதுகிறார்" என்று அந்தக் கட்டுரையை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அண்ணியும் நாத்தனாரும் பின்வரிசையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயிலில் திரும்பும்போது நாத்தனார் வழிநெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணி. கேட்டுட்டு இருந்தப்போ எனக்கே நான் தோத்துடணும்னு தோணிடுச்சு."

அன்றிலிருந்து திருத்தம் மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு ஓட்டையாவது கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை, பாவம், அவ்வளவு கெட்டியாக எழுதித் தொலைத்திருந்தாள். மாற்றி எழுதலாம் என்றால் மனம் கேட்கவில்லை. உண்மையிலேயே மனம் மாறியா, நாத்தனாருக்காகவா என்று அவளுக்கே தெரியாதே! சொந்தக்காரர் வழக்கைப் பற்றி எழுதக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. ஆக, வாழ்நாளில் முதல் தடவையாக, தான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அலைந்தாள்.

தீர்ப்பு நாள் விடிந்தது. காலையிலிருந்தே அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டாள். அதைக் குடித்துவிட்டு மிக்ஸி டாக்டர், "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கும் நாக்கு வேலை செய்யவில்லை. நாத்தனார் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, கடை நடுவில் ரிப்பேருக்கு வந்த கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

எதிரே ஜெராக்ஸ் கடை. நீதிமன்ற இணையதளத்தில் தீர்ப்பு ஏறியதும் அச்செடுத்துக் கொண்டு வருவதாக ஏற்பாடு. ஜெராக்ஸ்காரர் கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"நில்லுங்க! கடைசிப் பக்கத்தைப் பார்த்தீங்களா?" என்று வாசலிலேயே மறித்தாள் திருத்தம் மேடம்.

"இல்லை மேடம். பார்த்தாலும் எனக்கு எங்கே புரியப் போகுது?"

"அப்படின்னா ஏன் சிரிக்கிறீங்க?"

"என் மூஞ்சியே இப்படித்தான் மேடம்!"

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!"

பாவம், அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிக்ஸி டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "அடியே, இன்னிக்காவது கடைசிப் பக்கத்தைப் பாருடி! என் நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு!"

"முடியாது. முதல்லேர்ந்துதான் படிப்பேன். அது என் கொள்கை."

"கொள்கையாம் கொள்கை! பயம்னு சொல்லு."

பயம்தான். கடைசிப் பக்கத்தைத் தொடவே கை கூசியது. அதற்குள் அவளுடைய ஃபோன் அடித்தது. வக்கீல். உடனே மிக்ஸி டாக்டருடைய ஃபோனும் அடித்தது. நாத்தனார் எழுந்தாள், இடது கையால் தன்னுடையதையும் சேர்த்து மூன்று ஃபோன்களையும் வாரி எடுத்தாள், மேசைமேல் இருந்த பழுது பார்த்த குக்கர் ஒன்றுக்குள் போட்டாள், மூடியைப் போட்டுத் திருகினாள்.

"ஃபோன்ல ஜெயிச்சோம், தோத்தோம்னு ஒரே வார்த்தைதான் வரும். ரெண்டு தடவை கேட்டாச்சு" என்றாள். "எனக்கு ஏன்னு தெரியணும். நீங்க உங்க வழியிலேயே வாசிங்க அண்ணி. முழுசா. எதையும் விடக்கூடாது."

அந்த 'எதையும்' தன் கட்டுரையைத்தான் சொல்கிறது என்று அண்ணிக்குப் புரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

முதலில் கதை. மேல்முறையீடு செய்தவர் தொழிலால் தையல்காரர் என்று நீதிபதி எழுதியிருந்ததைக் கேட்டதும் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் குக்கர் வாங்கியது, கை வெந்தது, கீழ்க்கோர்ட்டுகள் சொன்னது. வாசிக்க வாசிக்க அண்ணிக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "பாருங்க, என்ன அழகா எழுதியிருக்கார்!" என்று நடுவில் பாராட்டு வேறு. குக்கருக்குள் ஃபோன்கள் கிர்ர் கிர்ரென்று உறுமிக்கொண்டே இருந்தன. "விசில் வந்துடப் போகுது" என்று ஜெராக்ஸ்காரர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனியின் வாதம் வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. இருபத்தெட்டாம் பத்தியில் அவளுடைய கட்டுரையே வந்துவிட்டது. தன்னுடைய வார்த்தைகள் அச்சில் தன்னையே முறைத்துப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"'புதுச் சட்டம் முன்னால் பார்த்து நடப்பது. நேற்று நடந்ததற்கு இன்றைய விதியை நீட்டினால் எந்தத் தொழிலும் நிம்மதியாக நடக்காது. நஷ்டப்பட்டவர்மேல் இரக்கம் இருக்கலாம். அது சட்டம் ஆகாது.'"

அவளுக்கு நாத்தனார் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த இரக்கம் பற்றிய வரியை எழுதிவிட்டு, என்னமாய் எழுதிவிட்டோம் என்று அன்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்து சுருக்கென்று தைத்தது. அடுத்த பத்திக்குத் தாவினாள். முதல் வரி: "இந்த வாதத்தில் வலு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை."

அவ்வளவுதான். காகிதத்தை மடியில் போட்டுவிட்டாள்.

"போச்சு. தோத்துட்டோம். நான்தான் தோக்கடிச்சேன்."

மிக்ஸி டாக்டர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் அவர் மேசைக்கு அடியில் குனிந்தார். ஜெராக்ஸ்காரர் பாதி திரும்பிவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

நாத்தனார் மட்டும் அசையவில்லை. "வலு இருக்குன்னுதானே போட்டிருக்கு? சரின்னு போடலையே?"

"உனக்குத் தெரியாதும்மா. இப்படி ஆரம்பிச்சா..."

"எனக்கா தெரியாது? இருபது வருஷமா என்னைத் தூங்கவிடாம உட்காரவச்சு நீங்கதானே சொன்னீங்க? தோக்கப் போறவங்க வாதத்தைத்தான் நீதிபதி பார்த்துப் பார்த்து அழகா எழுதுவார், அப்போதான் அப்பீலுக்குப் போனாலும் குறை சொல்ல முடியாதுன்னு. அழகா எழுதினா அடி விழப் போகுதுன்னு அர்த்தம்னு. சொன்னீங்களா இல்லையா?"

சொன்னவள்தான். நூறு தடவை சொன்னவள். வாதத்தைப் படித்துவிட்டு அதையே தீர்ப்பு என்று நினைத்துக்கொள்கிற இளம் வக்கீல்களை எப்படியெல்லாம் கிழித்திருக்கிறாள்! இன்று அவளே போய் அதே குழியில் தொப்பென்று விழுந்திருக்கிறாள்.

"எடுங்க. வாசிங்க" என்றாள் நாத்தனார்.

எடுத்தாள். பக்கம் திரும்பியது. முப்பத்தொன்றாம் பத்தி.

"'ஒரு நிறுவனம் தனக்குத் தெரிந்த ஆபத்தை நீதிமன்றத்தின் கண்ணிலிருந்து மறைத்துவைப்பதற்கு நிரந்தர உரிமை எதுவும் கிடையாது. சீர்திருத்தம் யார்மேலும் புதிய குற்றத்தைச் சுமத்தவில்லை. எந்தச் சாட்சியம் எங்கள் முன் வரலாம் என்பதை மட்டுமே மாற்றியது. ஆகவே நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் அது பொருந்தும். கற்றறிந்த விமர்சகரின் கருத்து சுவையாக எழுதப்பட்டிருக்கிறது...'"

நிறுத்தினாள். அடுத்த வரியை இரண்டு தடவை கண்ணால் ஓட்டினாள்.

"என்ன? என்ன போட்டிருக்கு?" என்று மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார் புருஷன்.

"'...ஆனால் தவறு!'" என்று வீடு அதிரக் கத்தினாள். "தவறாம்! நான் தப்பாம்! ஐயோ, நான் தப்புங்க!"

காகிதக் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். செருப்புகூடப் போடவில்லை. காய்கறி வண்டிக்காரர் பயந்து ஒதுங்கினார். "நான் எழுதினது தப்பு! உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு! மூணு நீதிபதிங்க, ஒரே குரல்ல, தப்புன்னு சொல்லிட்டாங்க!" என்று அவள் சொல்லிக் குதிப்பதைப் பார்த்துப் பால்கனிகளில் கூட்டம் கூடிவிட்டது. ஜீவிதத்தில் ஒருதரம்கூடத் தப்பு என்று ஒத்துக்கொள்ளாத பெண்பிள்ளைக்குத் தலைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே அந்தத் தெரு நினைத்தது. மிக்ஸி டாக்டர் பின்னாலேயே ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தார். எழுந்த வேகத்தில் மேசையில் இடித்துக்கொண்டதில் அவர் நெற்றி புடைத்திருந்தது. அது அவருக்கே தெரியாது.

"இன்னும் முடியலை அண்ணி" என்றாள் நாத்தனார். ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. "நான் கேட்டது இன்னும் வரலை."

திருத்தம் மேடம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தடுத்த பத்திகளை வாசித்தாள். கம்பெனிக்கு ஆபத்து தெரியும், தெரிந்தே விற்றது, புதுப் பூட்டுக்குக் கிடைத்த காப்புரிமை பழைய பூட்டின் பாவத்தைக் கழுவாது, கடையில் மிச்சமிருக்கும் குக்கர்களைத் திரும்ப எடு, கேட்ட நஷ்டஈட்டை முழுசாகக் கொடு. கடைசிப் பக்கம் வந்தது. அதைத் திருப்பும்போது இந்த முறை அவள் கை கூசவில்லை.

"'மேல்முறையீடு செய்தவர் அடுப்பை அணைத்தார், ஆறவிட்டார், ஆவி இல்லை என்று சரிபார்த்தார், அதன் பிறகே மூடியைத் திறந்தார். கவனமுள்ள ஒருவர் செய்யக்கூடியது அனைத்தையும் அவர் செய்திருக்கிறார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.'"

நாத்தனார் அந்தப் பக்கத்தை வாங்கினாள். மடங்காத வலது கையால் அந்த வரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தானே படித்தாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். பிறகு பெரிதாக அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அவளுடைய அண்ணன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜெராக்ஸ்காரர் சுவரைப் பார்த்தபடியே விசும்பினார். "நீங்க இனிமே திரும்பலாங்க" என்று அப்போதுதான் மிக்ஸி டாக்டருக்கு ஞாபகம் வந்து சொன்னார்.

குக்கரைத் திறந்தார்கள். முதலில் வக்கீல். "செத்துப் போயிட்டீங்களா எல்லாரும்? எத்தனை தடவைம்மா கூப்பிடறது!" என்று கத்தினார். அவரைச் சமாதானப்படுத்தி வைத்ததும் இதழின் ஆசிரியர். "மேடம், தீர்ப்பு பார்த்தீங்களா? இந்த வருஷத்திலேயே பெரிய தீர்ப்பு இது. நாலு பக்கம் போதாதுன்னா எட்டாத் தர்றேன்."

எட்டுப் பக்கம்! அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நாத்தனாரைப் பார்த்தாள்.

"என்னால முடியாது சார். கட்சிக்காரங்க எங்க வீட்டுப் பொண்ணு. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"உங்களைப் பத்தி வேற ஒரு வரி வருதே மேடம், கொஞ்சம் காரமா..."

"அதை விட்டுடாதீங்க சார்! தலைப்பிலேயே போடுங்க!"

ஃபோனை வைத்தாள். வாசலில் பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது. "தண்ணி கம்மியா வச்சிருப்பே" என்று அன்றைக்குச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாளும் அதில் நின்றாள். நாத்தனார் கண்ணைத் துடைத்தாள், புடவையைச் சரி செய்தாள், கடைசிப் பக்கத்தை அண்ணியிடம் நீட்டினாள்.

"வாசல்ல நின்னு வாசிங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

வாசித்தாள். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறையும் வாசித்தாள்.

"போதுமா?"

"இது போதும்" என்றாள் நாத்தனார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "இப்போ அந்த முப்பத்தொண்ணாம் பத்தி அண்ணி. 'சுவையாக எழுதப்பட்டிருக்கிறது'லேர்ந்து."